வாசித்துக் காட்டிய ஒழிமுறி

தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட பத்திரத்தில் ஒரு பெண் கையெழுத்திட்டால், அது அவளுடைய சம்மதம்தான் என்று அருகில் நின்று சாட்சி போட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? சட்டப் படிப்பை முடித்து, கேரள எல்லைக்குள் பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில் ஒரு மூத்த பெண் வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில்தான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது. முதல் ஆண்டிலேயே வந்திருக்க வேண்டும்.

தகப்பனார் காலமானபின், கட்டிக்கொடுத்த மகள்களைக் காரில் அழைத்து வந்து, ஒரு பட்டுச் சேலையும் எடுத்துக் கொடுத்து, தங்கள் பங்கைச் சகோதரனுக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தப் பத்திரத்துக்கு ஒழிமுறி என்று பெயர். அது மலையாளத்தில் இருக்கும். அப்படிப் பலவற்றை நானே தட்டச்சு செய்து, கையெழுத்திடும் இடத்தை விரலால் காட்டியிருக்கிறேன்.

அன்று வந்தவர்கள் பெருமாட்டியில் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒருவரின் மகளும் மகனும். அக்காவைப் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தமிழ் மட்டுமே வாசிப்பார். பேனாவைத் திறந்தபடி என்னிடம் கேட்டார்.

"ஏங்கண்ணு, மோட்டார் கனெக்சன அப்பா பேருல இருந்து மாத்தறதுக்கு இத்தன பக்கமா?"

தம்பி சிரித்தார். "கவர்மென்ட் காரியம்னா அப்படித்தானக்கா. போட்டுட்டு வா, நெய் ரோஸ்ட் வாங்கித் தாரேன்."

தமிழில் வாசித்துக் காட்டிவிடுகிறேன் என்றேன்.

"இதென்ன கதப் புஸ்தகமுங்களா வக்கீலம்மா? நேரமாச்சுங்க."

சீனியர் என்னை உள்ளறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். அடிபட்ட பெண்களுக்காக நீதிமன்றத்தில் குரல் உயர்த்தி வாதாடுபவர் அவர், பயந்தவர் அல்ல.

"உனக்குச் சட்டம் தெரியும். எனக்கு இந்த ஊரு தெரியும். நாளைக்குப் புருசனோட சண்டைன்னா அவ எங்க போவா? தம்பி ஊட்டுக்குத்தான. அதையும் நீ இல்லாமப் பண்ணீருவியா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. வாசித்தால் அந்த அக்கா எதை இழக்கக்கூடும் என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் இழப்பைச் சுமக்கப் போகிறவர் அவர். எடைபோட வேண்டியவரும் அவரே. அவருக்குப் பதிலாக நாங்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு எடைபோடுவதற்கும், மோட்டார் என்று தம்பி சொன்னதற்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை.

"பங்க எழுதிக் கொடுத்தாத்தான் தம்பி ஊட்டுல எடம்னா, அந்த முடிவ அவங்க எடுக்கட்டும் மேடம்."

"கட்சிக்காரன் எந்திரிச்சுப் போனா?"

"போகட்டும் மேடம்."

வெளியே வந்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன். தோப்பில் தனக்குள்ள முழு உரிமையையும் ஒழிந்து கொடுப்பதாகவும், தானோ தன் வாரிசுகளோ எக்காலத்திலும் கேட்கப்போவதில்லை என்றும் இருந்த இடத்தில் அக்கா காகிதத்தின்மேல் கையை வைத்தார்.

"மறுக்கா சொல்லு கண்ணு."

மறுபடி சொன்னேன். அவர் தம்பியைப் பார்த்தார்.

"கேட்டிருந்தாக் குடுத்திருப்பனோ என்னமோ. மோட்டாருன்னு எதுக்குடா சொன்ன?"

"வக்கீலம்மா சொல்லிக் குடுத்துப் பேசறயா?"

"எனக்குச் சொல்லித் தரோணுமா? அந்தத் தோப்புக்குக் குழி வெட்டறப்ப மண்ணு சொமந்தவ நானு. நீ அப்பத் தொட்டில்ல கெடந்த."

'பொம்பள வக்கீலுகிட்ட வந்தா இதுதான்' என்று சொல்லிவிட்டுத் தம்பி காரை எடுத்துக்கொண்டு போனார். அக்காவைப் பொள்ளாச்சி பஸ் ஏற்றிவிட நான் கூட நடந்தேன். "இனி ஊட்டுக்குள்ள சேத்த மாட்டான்" என்றார். அழவில்லை. ஆறுதலாக எதையாவது சொல்லி அதைச் சிறிதாக்க எனக்கும் மனமில்லை.

அந்த ஒழிமுறி பதிவாகவில்லை. அக்காவின் பங்கு பாகம் பிரிந்து இப்போது அவர் பெயரிலேயே இருக்கிறது. தம்பி வீட்டு விசேஷங்களுக்கு அவரை அழைப்பதில்லை. நான் அவசரப்பட்டதாகவே சீனியர் இன்றும் சொல்கிறார். ஆனாலும் எங்கள் அலுவலகத்தில் எந்த ஒழிமுறியும் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்தாவதில்லை. வாசித்து முடியும்வரை சகோதரர்கள் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள்.