மீன் தண்ணீர்க் கீரை

இன்று காலை எதிர்வீட்டுச் செல்லம்மாள் என்னிடம் கீரை கேட்டு வந்தாள்.

எங்கள் கொல்லையில் மீன் தொட்டித் தண்ணீர்தான் செடிகளுக்குப் போகும். செடி குடித்தது போக மிச்சம் மீனுக்கே திரும்பும்; மீன் செத்துவிடும் என்பதால் பூச்சிமருந்து அடிப்பதில்லை. தொண்ணூறுகளில் இதை ஆரம்பித்து, முதலில் காய்த்த கத்தரிக்காயை எதிர்வீட்டுக்கு ஆசையாகக் கொடுத்தேன். இதே செல்லம்மாள் அதைத் தெருவில் கொட்டினாள்.

"நாங்க சைவம். மீன் தண்ணில வளந்தது எங்க அடுப்புல ஏறாது" என்றாள். தெருவே பார்த்தது.

இன்று, "மருந்தடிக்காத கீரை வேணுமாம்க்கா, மருமக கேக்கா" என்கிறாள்.

"ஏளா, தாமிரபரணியில மீன் இல்லையா? அந்தத் தண்ணில வெளஞ்ச சோத்தத்தான திங்கே?"

"பழசெல்லாம் இப்ப எதுக்குக்கா?"

"மீன் தண்ணிக் கீரைன்னு உன் வாயால மருமகள்ட்ட சத்தமா சொல்லு. தாரேன்."

எங்கள் வாசலுக்குப் போனாள். பிறகு தன் வீட்டைப் பார்த்துக் கத்தினாள்: "ஏ பிள்ள, இது மீன் தண்ணிக் கீரையாம்!"

"தெரியும் அத்தே, ரெண்டு கட்டா வாங்குங்க!" என்று மருமகள் உள்ளேயிருந்து கத்தினாள்.

கொடுத்தேன். அதற்காக மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாளைக்கு வந்தாலும் கத்தித்தான் வாங்க வேண்டும்.

இது அநியாயம் என்பவர்கள் கீழே எழுதுங்கள். உங்கள் பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.