ஏரியில் விடக்கூடாத பறவை

மல்லிகா இறந்த செய்தியை அவருடைய தம்பி கீழ்பென்னாத்தூரிலிருந்து போனில் சொன்னபோது நான் கல்லூரியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "அக்கா காலையில பூட்டாங்க சார். உங்களுக்குக் கண்டிப்பா சொல்லணும்னு சொல்லி வச்சிருந்தாங்க," என்றார். சிறுநீரகம் கெட்டு இரண்டு வருடம் போராடியவர். சாயங்காலத்துக்குள் எங்கள் பறவை பார்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் அஞ்சலிகள் குவிந்தன. 'பாவம், கடைநிலை ஊழியர். ஆனாலும் பறவைகள் மேல் ஆசை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் 'பாவ'த்தை நான் ஏற்கமாட்டேன். 'ஆனாலும்' என்பதை அதைவிடவும் ஏற்கமாட்டேன். அவரை அறிந்தவர்களுக்கும், அறிந்ததாக நினைத்துக்கொண்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் உதவியாளர் அவர். மாட்டை ஊசிக்குப் பிடித்துக்கொள்வதும் புண்ணுக்குக் கட்டுப்போடுவதும் வேலை. சில ஆண்டுகளுக்கு முன், புயல் கரையைக் கடந்த மறுநாள், அடி அண்ணாமலை விவசாயி ஒருவர் நெல்வயலில் கிடந்த பறவையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். மைனா அளவு உடம்பு. அதற்குப் பொருந்தாத நீளத்தில் இறக்கைகள். மல்லிகா படம் எடுத்து எனக்கு அனுப்பினார். நான் விலங்கியல் பேராசிரியர். படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல், 'நம் ஏரிகளுக்கு வரும் மீசை ஆலா. ஏரியில் விட்டுவிடுங்கள்' என்று பதில் போட்டேன்.

மதியம் அட்டைப்பெட்டியோடு துறை வாசலில் நின்றார்.

"சார், போட்டோவுல பாத்து சொல்லிட்டீங்க. கையில வச்சிப் பாத்துட்டு சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தேன். மீசை ஆலாவுக்கு முதுகு சாம்பல். இதற்கு அடர்பழுப்பு. சுதாரித்துக்கொண்டு, "கடல் ஆலாதான். கறுப்பு முதுகு ஆலாவாக இருக்கும்," என்றேன்.

"அதுவும் இல்லீங்க. அதுக்கு முதுகு கன்னங்கரேல்னு இருக்கும், நெத்தி வெள்ள கண்ணுகிட்டயே நின்னுடும். தோ பாருங்க, இதுக்கு கண்ணத் தாண்டி புருவம் மாதிரி பின்னால போவுது. பிடரியில வெளுப்பு வேற இருக்குது. இது பழுப்பு ஆலா."

இருபது வருடம் பாடம் நடத்திய எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. அவர் போன பிறகு புத்தகத்தைப் புரட்டினேன். ஒவ்வொரு சொல்லும் சரி.

பறவையின் இறக்கை உடையவில்லை; பட்டினியும் களைப்பும்தான். இரண்டு நாள் மத்தி மீனை நறுக்கி இடுக்கியால் ஊட்டினார். பிறகு வன அலுவலகத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கிருந்தவர், "ஏரியும் தண்ணிதானம்மா, விட்டுட்டுப் போங்க," என்றார்.

"சார், இது நடுக்கடல்ல மேல்தண்ணிக்கு வர்ற சின்ன மீனக் கொத்தித் தின்னும். அசந்தா மெதக்கற கட்ட மேல குந்தும், ஆம முதுகு மேல குந்தும். ஏரியில விட்டா பொழைக்காது. விடச் சொல்றீங்கன்னா எழுதிக் குடுங்க. செத்துடும்னு நான் சொன்னதையும் அதுலயே எழுதுங்க."

அந்த அலுவலர் நிமிர்ந்து பார்த்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். கடைசியில் எழுதிக்கொடுத்தது, கடற்கரைக்குக் கொண்டுபோக அனுமதி.

புதுச்சேரி பஸ்ஸில் மல்லிகா மடியில் பெட்டியோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கோழியா?" என்றார் கண்டக்டர். கடல் பறவை என்றதும், "கடல் பறவைக்கு எங்க ஊர்ல இன்னா வேல? கிரிவலம் வந்துச்சா?" என்று கேட்க, பஸ்ஸே சிரித்தது. மல்லிகா சிரிக்கவில்லை. "காத்து தள்ளிக்கினு வந்துச்சு. திரும்பிப் போவ பஸ்ஸு வேணுமில்ல? வண்டிய எடுக்கச் சொல்லுங்க," என்றார். செஞ்சி தாண்டுவதற்குள் பாதி பஸ் எழுந்துவந்து பெட்டியின் ஓட்டை வழியே எட்டிப்பார்த்துவிட்டது.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில், "அட, கட்ட மேல குந்திக்கினு மெதந்து வருமே, அதுதானே!" என்றார். தன் படகிலேயே எங்களை ஏற்றிக்கொண்டார். கரை மங்கலாகத் தெரியும் தூரத்தில் மல்லிகா கைகளை விரித்தார். அது அலையை ஒட்டித் தாழ்ந்தது. விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். விழவில்லை. எழும்பி, வளைந்து, கிழக்கே போயிற்று. "போ, போ!" என்று மல்லிகா தொண்டை கிழியக் கத்தினார்.

அடுத்த மாதம் ஒரு செய்திமடலில், 'பேராசிரியர் கண்டறிந்த அரிய கடற்பறவை' என்று என் படத்தோடு வந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மறுத்தும் எழுதவில்லை. ஒரு வாரம் வாழ்த்துகளை வாங்கிக்கொண்டேன். எட்டாம் நாள் மல்லிகா வந்தார்.

"பேரு தப்பா வந்திருக்குது சார். திருத்தச் சொல்லுங்க."

"சின்ன விஷயம்தானே, மல்லிகாம்மா?"

"உங்களுக்கு சின்ன விஷயம். நாளைக்கி ஒருத்தர் சந்தேகம் கேட்டா, உங்கள வந்து கேப்பாங்க. நீங்க ஏரியில விடச் சொன்ன ஆளு."

அன்றே திருத்தம் எழுதி அனுப்பினேன். கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியாக வந்தது. அதை அவர் மருந்தகச் சுவரில் ஒட்டிவைத்தார்.

அவரைச் சண்டைக்காரி என்பவர்கள் உண்டு. ஆமாம், சண்டைக்காரிதான். அந்தச் சண்டை இல்லாவிட்டால் ஓர் உயிர் ஏரியில் செத்திருக்கும்; என் பொய் அச்சிலேயே நிலைத்திருக்கும்.

எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்த வாரத்து வெட்கம். அதை மறக்க எனக்கு விருப்பமில்லை. ஆண்டுதோறும் முதல் வகுப்பில் நான் தவறாகச் சொன்னதையும், ஒரு வாரம் வாய் மூடியிருந்ததையும் மாணவர்களிடம் சொல்கிறேன். கரும்பலகையில் முதலில் 'மல்லிகா' என்று எழுதுகிறேன். பறவையின் பெயரை அதற்குக் கீழேதான் எழுதுகிறேன்.