ஆடுகள் காதைத் திருப்பிய பக்கம்

வெடிச் சத்தம் கேட்டபோது நான் ஏம்பலம் வாய்க்கால் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தேன். சாவு வெடி என்று தெரிந்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எனக்கு இடக்காது கேட்காது. ஆடுகளைப் பார்த்தேன். எல்லாம் பள்ளிக்கூடத் தெருப் பக்கம் காதை விடைத்து நின்றன. என்னோடு எட்டாவது படித்த செல்வி சைக்கிளில் வந்தாள்.

"சயின்ஸ் சார் போயிட்டாருடி. வரலியா?"

"வரல" என்றேன்.

அவரிடம் படித்த நீங்கள் அஞ்சலிப் பேனரில் 'சிரிக்கச் சிரிக்கப் பாடம் நடத்தியவர்' என்று போட்டிருக்கிறீர்கள். உண்மைதான். நீங்கள் சிரித்தது என்னைப் பார்த்து.

எட்டாவதில் ஒரு நாள் ஒலிப் பாடம். என் கண்ணைத் துப்பட்டாவால் கட்டி வகுப்பின் நடுவில் நிறுத்தினார். "எங்கேர்ந்து கூப்புடுறாங்கன்னு கை காட்டுடி." இடப்பக்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். வலப்பக்கம் காட்டினேன். மறுபடியும் வலப்பக்கமே.

"இன்னா சார், செவுத்தக் காட்டுது!" என்று ஒருவன் கத்தினான்.

அவர் விளக்கினார்: "இடப்பக்கம் வர்ற சத்தம் இடக்காதுக்கு ஒரு துளி முன்னாடி போவும், கொஞ்சம் பலமாவும் போவும். அந்த வித்தியாசத்த வெச்சுதான் மூளை திசையக் கண்டுபுடிக்குது. ஆந்தை இருட்டுல எலியப் புடிக்கிறது அப்பிடித்தான்பா. ஆடு காதத் திருப்புறதும் சத்தம் எங்கன்னு பாக்கத்தான். இதோ நிக்கிற இதுக்கு ஒரு காதுதான். பாதி ஆந்தை!"

சொன்னது சரி. அதைச் சொல்ல என்னை நிறுத்தியிருக்க வேண்டாம்.

அன்றிலிருந்து அதுவே என் பெயர். கரும்புக்குள் ஒளிந்துகொண்டு "பாதி ஆந்தை" என்று கத்துவீர்கள். எங்கிருந்து என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன். அதற்கும் சிரிப்பு. அம்மா அவரிடம் போய்க் கேட்டாள். "வெளையாட்டுக்குச் சொன்னதும்மா, இதுக்கெல்லாமா வருவாங்க?" என்று அனுப்பிவிட்டார். நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். ஏன் வரவில்லை என்று அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை.

இறந்தவரைக் குறை சொல்லலாமா என்பீர்கள். நல்லதையும் சொல்கிறேன். போன மாதம் கரும்புக்குள்ளிருந்து அதே பெயர் வந்தது. நான் சுற்றிப் பார்க்கவில்லை. ஆடுகளைப் பார்த்தேன். அவை காதைத் திருப்பிய இடத்தை நேராகப் பார்த்து, "வெளிய வாடா" என்றேன். கரும்புச் சோகை இலை அசைந்தது. வெளியே வந்தவன் உங்களில் ஒருவன். அவன் சிரிக்கவில்லை.

ஆட்டின் காதைப் பற்றி அவர் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். பெயர் வைத்தவர் போய்விட்டார். கூப்பிட நினைப்பவர்கள் இனிமேல் ஒளிந்து பயனில்லை.