மேடையிலிருந்து நேராக வண்டிக்கு

காலை பத்தரை மணிக்குப் பெருங்களத்தூர் கல்யாண மண்டப மேடையில் முதலில் என் கண்ணில் பட்டது, பலகையின் மூலை உடைந்த தையல் மெஷின்.

போன மாதம் தாம்பரத்தில் ஒரு சேவைச் சங்கம், கணவனை இழந்த என் தங்கை விமலாவுக்கு வழங்கியதும் இதே மெஷின்தான். போட்டோ எடுத்தார்கள். கைதட்டல் ஓய்ந்ததும், "வீட்டுக்கே அனுப்புறோம்மா" என்று திரும்ப வேனில் ஏற்றிக்கொண்டார்கள். அதை நம்பி அவள் கம்பெனி வேலையை விட்டாள், மெஷின் வரவில்லை. கேட்கப் போனவளிடம் சங்கச் செயலாளர், "ஓசியில வர்றதுக்கு என்னம்மா அவசரம்?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் கொடுக்கத்தான் அன்று அதே சங்கத்தின் அடுத்த விழாவுக்குப் போனோம். வாசலில், சாமான் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றை நிறுத்தியிருந்தேன்.

இம்முறை அந்த மெஷினை வாங்கிக்கொள்ள மேரி என்ற பெண்ணை அழைத்தார்கள். கேமரா தயாரானதும் விமலாவுடன் மேடையேறினேன்.

"சார், இது போன மாசம் என் தங்கச்சிக்கு நீங்க குடுத்த மெஷின்தானே?"

செயலாளர் தலைமை விருந்தினரைப் பார்த்தார். "ஆமா... அனுப்பணும்னுதான்..."

"உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்? வண்டியோட வந்திருக்கோம். இவங்களுக்குப் புதுசு குடுத்துடுங்க."

தலைமை விருந்தினர் தலையாட்டினார். வண்டிக்காரர் மேடையேறி, "சார், அந்தப் பக்கம் புடி. இன்னா பாத்துகினு கீற?" என்றார். செயலாளர் வெள்ளைச் சட்டையோடு குனிந்து தூக்கினார்.

"இதையும் எடுங்க" என்றேன் போட்டோகிராபரிடம். எடுத்தார்.

எங்கள் தெருப் பெண்கள் யாரையாவது உதவி வழங்கும் விழாவுக்கு அழைத்தால், முதலில் வண்டி பேசச் சொல்கிறேன்.

புது மெஷின் இன்னும் வந்து சேராத மேரி, இப்போது எங்கள் வீட்டில் விமலா தைக்கும் துணிகளுக்குக் காஜா எடுத்துத் தருகிறாள்.