வயலில் இறங்கியவர்கள்

தங்கம்மாளின் இடது கைக் கட்டைவிரலை ஊரில் பார்த்தவர்கள் குறைவு. யாராவது எதிரே ஒரு தாளை விரித்தால் போதும், அந்த விரல் உள்ளங்கைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். புருஷன் செத்த வருஷம், கருமாதிக்கு என்று சொல்லிக் கொழுந்தன் ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கினான். மூன்றாம் மாதம் அவள் குடியிருந்த மனை அவன் பேரில் இருந்தது. அன்றோடு மனுஷரை நம்புவதை விட்டுவிட்டாள். பால்காரன் ஒருநாள் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால்கூட, என்ன காரியமாக வந்திருக்கிறான் என்று யோசிப்பாள்.

மிச்சம் இருந்தது ஒரத்தநாட்டுப் பக்கம் வாய்க்கால் ஓரத்து நாலு மா குத்தகை நிலம். மிராசுதார் தஞ்சாவூரில் இருந்தார். காரியம் பார்த்தவர் ஏஜெண்ட் குஞ்சிதபாதம். சாகுபடி செய்பவர் பேரைத் தாலுக்கா ஆபீசில் பதிய வேண்டும் என்று புது அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. பதிவதற்குள் குத்தகைக்காரர்களைக் கிளப்பிவிட மிராசுகள் துடித்தார்கள். அறுத்தவர் கையில்தான் வயல் என்று ஆகிவிட்ட காலம். ‘வயலில் இறங்கிவிட்டான்’ என்றால் வேலைக்கு இறங்கினான் என்றும் அர்த்தம், பிடித்துக்கொண்டான் என்றும் அர்த்தம்.

இந்த நேரத்தில்தான் அவள் பழனிக்கு நடக்க வேண்டியிருந்தது. மகள் மங்களாம்பிகை பிரசவத்தில் இரண்டு நாள் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தபோது, பிழைத்தால் தைப்பூசத்துக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். மகள் பிழைத்துவிட்டாள். முருகனிடம் வாக்கு மாறுகிற துணிச்சல் தங்கம்மாளுக்குக் கிடையாது. போய்வரப் பதினோரு நாள் ஆகும், கிளம்பும் நாளிலிருந்து அறுப்புக்குப் பதினைந்து நாள் இருந்தது.

பக்கத்து வீட்டு ரெங்கம்மாளும் எதிர்வீட்டு சைத்தூன் பீவியும் அவளை வழியனுப்பக் காட்டிய அவசரம் இருக்கிறதே! ரெங்கம்மாள் புழுங்கலரிசி வறுத்துப் பொரிமாவு இடித்தாள். பீவி உள்பை வைத்துத் துணிப்பை தைத்தாள், உள்ளங்காலில் தடவ விளக்கெண்ணெய் கொடுத்தாள்.

“வரப்புல நடந்த காலு தார் ரோட்டுக்கு ஆகாதுடி” என்று ரெங்கம்மாள் தினமும் விடிகாலையில் அவளை எழுப்பி ரோட்டில் இரண்டு மைல் நடத்திக் கூட்டிவந்தாள்.

தங்கம்மாள் நடந்தாள். ஆனால் பொரிமாவைப் பூனைக்கு வைத்துப் பார்த்த பிறகுதான் தின்றாள். பையின் தையலைப் பிரித்துப் பார்த்து மறுபடி தைத்தாள். போதாததற்குப் பீவி தாலுக்கா மனு என்று ஒரு தாளை நீட்டினாள். கட்டைவிரல் உள்ளே போய்விட்டது.

“வந்து பாத்துக்கலாம் பீவியக்கா.”

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கொல்லை வேலி ஓரம் ரெங்கம்மாளின் குரல் கேட்டது. “அவ கிளம்புனதும் வயல்ல இறங்கிடணும் பீவி. தாமசிச்சா போச்சு.”

தங்கம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்படியென்றால் பொரிமாவும் விளக்கெண்ணெயும் இதற்குத்தானா? வேண்டுதலை விடவும் முடியவில்லை, வயலை விடவும் முடியவில்லை. மறுநாள் காவடிக் கூட்டத்தோடு பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். மலையேறி முருகன் முன்னால் நின்றபோது மகள் ஞாபகம் வரவில்லை. “என் வயல்ல எறங்குனவ காலு முடங்கணும்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

திரும்பும்போது பஸ்ஸிலிருந்தே பார்த்துவிட்டாள். நாலு மாவும் வெறும் தாளடி. ஒரு கதிர் இல்லை.

“அடிப்பாவிகளா!” என்று கத்திக்கொண்டு ரெங்கம்மாள் வீட்டுக்குள் நுழைந்தாள். நெல் மூட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. பக்கத்தில் ரெங்கம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. பீவி அதற்குப் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“மூட்டையைச் சரிபாத்துக்க” என்றாள் ரெங்கம்மாள். “நீ போன அஞ்சாம் நாளு குஞ்சிதபாதம் வெளியூரு ஆளுவளை லாரியில எறக்குறதா இருந்தான். முன்னாடியே காதுல விழுந்துச்சு. அதான் கதிரு முழுசா முத்தாட்டியும் பரவாயில்லேன்னு நாலாம் நாளே நம்ம தெருப் பொம்பளைங்க அத்தனை பேரும் இறங்கி அறுத்துட்டோம். மறுநாள் வந்தவன் தள்ளுனதுல வரப்புலேருந்து விழுந்துட்டேன்.”

“ஏன்டி எங்கிட்ட சொல்லலே?”

“சொன்னா நீ போயிருப்பியா?” என்றாள் பீவி. “வேண்டுதலை விட்டுட்டு ஒத்தையில வரப்புல குந்தியிருப்பே. உன்னை அடிச்சே போட்டிருப்பானுவ.”

தங்கம்மாள் அந்த வீங்கிய காலையே பார்த்தாள். தான் எவ்வளவு கேவலமான பிறவி என்று தோன்றியது. அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“அந்த மனு எங்கே பீவியக்கா?”

பீவி தாளை எடுத்துவந்தாள். மை டப்பாவை அவள் திறப்பதற்குள் கட்டைவிரல் தானாக வெளியே வந்துவிட்டது. அழுத்தி வைத்தாள். பிறகு விரலைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் சொன்னாள்:

“நாளைக்கு மறுபடி பழனிக்குக் கிளம்புறேன். நடந்துதான்.”

“பைத்தியமாடி உனக்கு? இப்பத்தானே வந்தே?”

“உங்க காலு முடங்கணும்னு வேண்டிட்டு வந்திருக்கேன்டி, பாவி. அதைத் திருப்பி வாங்க வேணாமா?”

ரெங்கம்மாள் தன் காலைப் பார்த்தாள், தங்கம்மாளைப் பார்த்தாள்.

“பீவி, புழுங்கலரிசியை எடுத்து வறு” என்றாள். “உலக்கையை இங்கே குடு. உக்காந்தபடியே இடிக்கிறேன்.”