ஒன்பது மணி வேண்டுதல்

என் மகள் தன் அறைக் கதவில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறாள். ‘வேலை நேரம். தட்டாதீர்கள்.’ பெங்களூரில் இருக்கும் நாலைந்து கம்பெனிகளுக்கு விளம்பரப் படம் வரைந்து அனுப்புகிறாள். குளத்தூர் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. இங்கே உட்கார்ந்தபடி முதலாளியும் அவளே, தொழிலாளியும் அவளே. போன வாரம் ஒரு நாள் பதினோரு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

“யாராச்சும் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டே இருந்தாத்தாம்மா எனக்கு வேலை ஓடும்போல.”

அவள் போனில் ஒரு ஆப் இருக்கிறதாம். போனைத் தொடாமல் வேலை பார்த்தால் திரையில் ஒரு செடி வளரும். தொட்டால் பட்டுப்போகும். அன்றைக்குக் காலையில் மட்டும் ஏழு செடியைக் கொன்றிருந்தாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“எனக்கு ஒரு தெருவே நின்னு பாத்துச்சுடி” என்றேன். அவளிடம் முழுதாகச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன.

இருபத்தைந்து வருஷம் இருக்கும். புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு மாடியில் டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கட்சி நோட்டீஸ் எல்லாம் அடித்துக் கொடுப்போம். அங்கே ஐந்து வருஷம் வேலை பார்த்தேன். முதலாளி அடிக்கடி பின்னால் வந்து நின்று தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலுக்கே பக்கம் முடிந்துவிடும். நான் ரொம்பப் பொறுப்பானவள் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். பொறுப்பு முழுக்க அவருடைய தொண்டையில் இருந்திருக்கிறது. கடையை மூடியபோதுதான் அது தெரிந்தது.

மூடும்போது அவர் ஒரு பழைய கம்ப்யூட்டரை என்னிடம் தள்ளிவிட்டார். பெட்ஷீட்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். வீட்டில் அதை வைக்க இடம் கிடைத்தது கடலை மூட்டை போட்டிருந்த அறையில்தான். மிஷின் சூடானதும் கடலைத் தூசி மெல்ல வறுபட்ட மாதிரி ஒரு வாசம் கிளம்பும். இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் வறுகடலைக்காரர் பக்கத்தில் நின்றால் என் விரல்கள் சும்மா இருப்பதில்லை.

திருச்சிப் பதிப்பாளர் ஒருவர் கம்ப்யூட்டரில் அடித்துத் தரும் வேலை ஒன்று கொடுத்தார். நர்சிங் படிக்கிற பெண்களுக்கான பாடப் புத்தகம், நானூற்றுச் சொச்சம் பக்கம். எழுதியவர் டாக்டர், ஆகையால் கையெழுத்து எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஈஸ்டருக்கு மறுநாள் கையில் கிடைக்க வேண்டும், கிடைத்தால் இனி அவருடைய புத்தகமெல்லாம் எனக்குத்தான் என்றார். என் வீட்டுக்காரர் திருச்சியில் வெல்டிங் பட்டறையில் இருந்தார். விடியும் முன் பஸ் ஏறுகிறவர், அதிகம் பேசாதவர். அவரும் அதே தேதியைத்தான் வைத்தார்.

“ஈஸ்டர் வரைக்கும் பாப்போம். முடியலன்னா கீரனூர் துணிக்கடைக்குப் போ. பெரியப்பா மகன் கடைதான். அந்தப் பொட்டியக் குடுத்துருவோம்.”

துணிக்கடை வேலையைக் கேவலம் என்று சொல்ல மாட்டேன். நாள் முழுக்க நின்று சேலை விரித்து மடிக்கிறவர்களின் காலைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்கு ஒரு வேலை தெரியும், அதை விட்டுவிட்டு ஏன் போக வேண்டும்?

எதிர்வீட்டில் லூர்து மதினி. வீட்டுக்காரரின் அக்கா. கணவர் இறந்தபின் இரண்டு மாடு, ஒரு காணி நிலம், மூன்று பிள்ளைகள் என்று ஒற்றை ஆளாக இழுத்தவர். அவர் கண்ணுக்கு, கையில் மண்வெட்டியோ வாளியோ இல்லாமல் உட்கார்ந்திருக்கும் எவரும் சும்மா இருக்கிறவர்கள்தான்.

“ஏத்தா, சும்மாதானே இருக்கே, ரேசன்ல சீனி போடுறாங்களாம், ஒரு எட்டுப் போயிட்டு வா.” “சும்மாதானே ஒக்காந்துருக்கே, மாடு அங்கிட்டு அத்துக்கிட்டு ஓடுது பாரு.” ஆஸ்பத்திரிக்குத் துணை, பத்திரிகை வைக்கத் துணை, சாவு வீட்டில் துட்டி கேட்கத் துணை. ஒரு வாரத்தில் ஒன்பது பக்கம் முடித்திருந்தேன்.

எல்லாப் பழியையும் மதினி மேல் போட்டால் பாவம். அவர் கூப்பிடாத நாளில் நான் என்ன கிழித்தேன்? கம்ப்யூட்டரில் சீட்டுக்கட்டு விளையாட்டு ஒன்று இருந்தது. அதில் கரைகண்டேன். பருப்பு டப்பாவை எல்லாம் இறக்கிக் கழுவிக் காயவைத்தேன். இன்றைக்கு மதினி கூப்பிடவில்லையே என்று எட்டிப் பார்த்த நாள்கூட உண்டு. கூப்பிட்டால் வேலை ஓடாததற்கு ஒரு காரணம் கிடைக்குமே!

சாம்பல் புதன் வந்தது. பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு கோயில் வாசலில் பெண்கள் கூடி நின்றோம். ஈஸ்டர் வரைக்குமான தவக்காலம் நாற்பது நாளும் யார் எதை விடப்போகிறோம் என்ற பேச்சு. ஒருத்தி மீன், ஒருத்தி டீ, ஒருத்தி ராத்திரி சீரியல். லூர்து மதினி வருஷா வருஷம் வெற்றிலையை விடுவார். அது அவருக்குச் சோற்றை விடுவது மாதிரி.

“நீ என்னத்தா விடப்போற?” என்று கேட்டார்.

அந்த நொடிவரை என் மனதில் ஒன்றுமே இல்லை. வாய் மட்டும் தானாகப் பேசியது. “காலைல ஒம்பதுலேர்ந்து ஒரு மணி வரைக்கும் எடத்தவிட்டு எந்திரிக்க மாட்டேன் மதினி. யாருகிட்டயும் பேச மாட்டேன். வேண்டுதல்.”

எதற்கு வேண்டுதல் என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணமாகி நாலு வருஷம், மடியில் பிள்ளை இல்லை. எல்லார் கண்ணும் ஒரு தடவை என் வயிற்றில் பட்டுத் திரும்பியது. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை என்று சொல்ல அப்போதே வாய்ப்பிருந்தது. சொல்லவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு மதினி தன் வாசலில் சேரைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பாத்திரக்காரர் சைக்கிளில் கூவிக்கொண்டு வந்தார். “சத்தம் போடாதீங்க, உள்ள புள்ள வேண்டுதல்ல இருக்கு!” அவர் வாயைப் பொத்திக்கொண்டு போனார். ரேசனுக்கு மதினியே போய் எனக்கும் சேர்த்து வாங்கிவந்தார். மாடு அறுத்துக்கொண்டு ஓடினால் அவரே ஓடினார். வேலை என்று நான் கெஞ்சியபோது காது கேட்காத தெரு, வேண்டுதல் என்றதும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலைத் தாண்டியது.

எனக்குத்தான் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. பதினோரு மணிக்குக் கொல்லைப்பக்கம் போக எழுந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த தன் வைக்கோல்போரில் பிடுங்கிக்கொண்டிருந்த மதினி பதறிவிட்டார். “ஏத்தா, எந்திரிச்சிட்டியா!” சைகையில் விஷயத்தைச் சொல்ல, “அதுக்குச் சாமி ஒண்ணும் சொல்லாது, வெரசாப் போயிட்டு வா” என்று அனுமதி கொடுத்தார். இப்படி ஒரு காவலில் சீட்டு விளையாட மனம் வருமா? முதல் வாரம் பயத்தில் உட்கார்ந்தேன். மூன்றாவது வாரம் ஒன்பதடித்ததும் கால் தானாக அந்த அறைக்குப் போயிற்று. பக்கங்கள் சேர்ந்தன. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது எல்லாப் பாவத்தையும் சொன்னேன், இதைத் தவிர. சொன்னால் சாமியார் நிறுத்தச் சொல்லிவிடுவார் என்று பயம்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் பிறந்தது. இன்னும் எழுபது பக்கம் பாக்கி. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மதினி பாயோடு உள்ளே வந்தார். பின்னால் ஐந்தாறு பெண்கள், ஆளுக்கொரு செபமாலை.

“கடைசி வாரம்த்தா. நீ மட்டும் ஒத்தையில இருந்தாப் பத்தாது. நாங்களும் கூட ஒக்காந்து சொல்றோம். அந்தப் பொட்டிய அமத்து. வேண்டுதல்ல இருக்கும்போது அது எதுக்கு?”

நியாயமான கேள்விதான். பாய் விரிந்துவிட்டது. ஒருத்தி கடலை மூட்டையில் மெழுகுவத்தியை நிறுத்தினாள். இந்த வாரமும் போனால் எழுபது பக்கமும் போகும், அடுத்த திங்கட்கிழமை நான் கீரனூர் பஸ்ஸில் இருப்பேன். பேசினால் பொய் உடையும். பேசினேன்.

“மதினி, இது புள்ளைக்கு இல்ல.”

“என்ன சொல்ற?”

“வேண்டுதலே இல்ல மதினி. பொய் சொன்னேன். இது என் வேலை. வேலைன்னு சொன்னப்ப நீங்க யாரும் விடல. சும்மாதானே இருக்கேன்னு சொன்னீங்க. நான் சும்மா இல்ல. இந்த ஒம்பதுலேர்ந்து ஒண்ணு வரைக்கும் என்னைய யாரும் கூப்பிடக் கூடாது. இந்த வாரம் மட்டுமில்ல. எப்பவும்.”

நாற்காலியை விட்டு எழவில்லை.

“அப்ப இத்தன நாளா நான் யாருக்குத்தான்டி அழுதேன்?” என்றார் மதினி. பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். மற்றவர்களும் போனார்கள். மெழுகுவத்தியை அணைக்க மறந்துவிட்டார்கள். பின்னாலேயே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எழுந்தால் மறுபடி உட்கார மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அழுதுகொண்டே அடித்தேன். அன்றைக்கு முடித்த பக்கங்களில் கட்டுப்போடும் முறைகள் வந்தன.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு ஜன்னல் வழியே பார்த்தேன். மதினி வாசலில் சேர் போட்டிருந்தார், எனக்கு முதுகைக் காட்டி. வாய் அசைந்தது. பெரிய வாரத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு கோபம். அப்போது சேலைக்காரர் ஒருவர் மூட்டையோடு என் வாசலுக்கு வந்து குரல் கொடுத்தார். மதினி திரும்பாமலே சாற்றைத் துப்பினார்.

“இங்கிட்டு வராதீங்க. அவ வேலைல இருக்கா.”

வேலை. அந்தத் தெருவில் என்னைக் குறித்து அந்தச் சொல்லை ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்குக் கடைசிப் பக்கம் முடிந்தது. மிச்சமிருந்த கால் மணி நேரமும் எழாமல் உட்கார்ந்திருந்தேன், திமிர்தான். ஈஸ்டர் பூசை முடிந்து, மதினி வீட்டு வாசலிலேயே நின்று மன்னிப்புக் கேட்டேன்.

“பொய் சொன்னதுக்குக் கேளு. வேலை பாத்ததுக்குக் கேக்காத” என்று சொல்லிவிட்டுக் கறி வெந்துவிட்டதா என்று பார்க்க உள்ளே போனார்.

திங்கட்கிழமை வீட்டுக்காரர் பக்கங்கள் அடங்கிய சி.டி.யைத் திருச்சிக்கு எடுத்துப்போனார். சாயங்காலம் ஒரு கட்டுக் காகிதத்தோடு திரும்பினார், அடுத்த புத்தகம். “துணிக்கடைக்குச் சொல்லிவிட்டுட்டேன், அவ வரமாட்டான்னு” என்றார். அவருக்கு அது நீண்ட பேச்சு.

மகள் பிறந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து. அதற்கும் வேண்டுதலுக்கும் சம்பந்தமில்லை என்று நான் எவ்வளவோ சொல்லியும் மதினி சாகும்வரை ஒப்புக்கொள்ளவில்லை. “நீ பொய்யா வேண்டுன. நான் நெசமாத்தான வேண்டுனேன்” என்பார்.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் திருப்பூரில் இருக்கிறார்கள், வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் ஆள் உயரத்துக்கு மதில் எழுப்பி இரும்பு கேட் போட்டிருக்கிறார். ஜன்னலில் இருந்து பார்த்தால் அந்த வாசல் தெரிவதில்லை. கடலை அறைக்கு டைல்ஸ் போட்டாயிற்று. வாசமும் போய்விட்டது. அதில்தான் இப்போது மகள் வேலை பார்க்கிறாள். என் மேசை முன்கட்டுக்கு வந்துவிட்டது. புத்தகம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது, ஒன்பது மணிக்கு இன்னும் உட்காருகிறேன்.

நேற்று பத்து மணிக்குப் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வந்து மஞ்சள் சீட்டுக் கதவைத் தட்டப் போனார். பேத்தி பிறந்தநாளுக்குப் பேனர் வேண்டுமாம். “பாப்பா சும்மாதானே இருக்கு, அஞ்சு நிமிசத்துல போட்டுக் குடுத்துரும்.”

“இங்கிட்டு வராதீங்க” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “அவ வேலைல இருக்கா. ஒரு மணிக்கு மேல வாங்க.”

அவர் போனபின் என்னை அறியாமல் எதிர்ப்பக்கம் பார்த்தேன். மதில்தான் நின்றது. எனக்காக அதைச் சொல்ல அங்கே இப்போது யாரும் இல்லை. என்னைக் கூப்பிட யார் வந்தாலும் நானே சொல்லிக்கொள்கிறேன், சத்தமாகவே. பிறகு ஒரு மணிவரை எழவில்லை.