பூவத்து வண்டின் விலாசம்

என் மனைவி வெண்மதிக்குக் கூன்வண்டு என்றால் உயிர். அரிசியில் ஊர்வது அல்ல. ஆற்றங்கரைச் செடிகளில் இருக்கும், மிளகு அளவே உள்ள, நீள மூக்கு வண்டு. காரைக்கால் கோவில்பத்திலிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய் விலங்கியல் நடத்துகிறாள், தற்காலிக வேலைதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டுக்கு. அன்றைக்கு என் பைக்குக்கும் எனக்கும் அவள்தான் எஜமானி.

இந்த வண்டுக்குப் பறக்கத் தெரியாது. முதுகு ஓடு ஒட்டிப்போய், உள்ளே இறக்கையே கிடையாது. பூவத்தில் ஆற்றின் தென்கரையில் இருப்பது ஒரு மாதிரி, வடகரையில் இருப்பது வேறு மாதிரி. ஒரே குடும்பமாக இருந்ததை ஆறு பிரித்துவிட, காலப்போக்கில் இரண்டும் தனித்தனி இனமாகிவிட்டன என்பது அவள் கட்சி. அதை நிரூபிக்க ஏழு வருடம் வெயிலில் காய்ந்தாள். டாக்டர் பட்டமும் நிரந்தர வேலையும் அந்தக் கட்டுரையில்தான் தொங்கின.

ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை திரும்பி வந்தது. தென்கரை வண்டு நூற்று முப்பது கிலோமீட்டர் வடக்கே, புதுச்சேரி நகரத்திலும் கிடைத்திருக்கிறதாம். ஆகவே ஆறு ஒரு தடையே இல்லையாம்.

"பறக்காத வண்டு பஸ் ஏறியா போச்சு?" என்றாள். மூன்று வாரம் வீட்டில் பாத்திரங்கள் உருண்டன. எந்த மடையன் பிடித்தான் என்று கேட்டு, வண்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஆய்வகத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டாள். கடைசியில் லேபிளைப் படம் எடுத்து அனுப்பினார்கள்.

'பூவம், புதுச்சேரி.' பொடி எழுத்து. என் எழுத்து. எப்போதோ அவள் பிடித்து அந்த ஆய்வகத்துக்குக் கொடுத்த வண்டுக்கு நான் எழுதிக் கொடுத்த லேபிள்.

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தர். காரைக்காலும் புதுச்சேரி மாநிலத்தில்தான் சேர்த்தி என்பதால், மாநிலம் என்ற இடத்தில் புதுச்சேரி என்று எழுதியே பழகிய கை. நகமளவு லேபிளில் 'காரைக்கால்' கொள்ளவில்லை, விட்டுவிட்டேன். ஆய்வகத்துக் கம்ப்யூட்டர் வரைபடத்தில் புதுச்சேரி நகரத்தின் மேல் புள்ளி வைத்துவிட்டது. அவள் பிடித்த வண்டே அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

"நான்தான் தப்பா எழுதுனேன்னு லெட்டர் போட்டுடுறேன். திருத்திடுவாங்க."

"திருத்துனா யாருக்கு லாபம்? எனக்கு. எழுதுனது யாரு? என் புருஷன். நீங்களா இருந்தா நம்புவீங்களா?"

நம்பமாட்டேன்.

இப்போது ஞாயிறுதோறும் புதுச்சேரிக்குப் பஸ் ஏறுகிறோம். அங்கே இல்லாத வண்டை இல்லை என்று காட்டுவதற்காக அவள் செடி செடியாகத் தட்டுகிறாள். நான் அடியில் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒவ்வொரு தட்டலுக்கும் அவளுக்கு முன்னால் நான் குனிந்து துணியைப் பார்க்கிறேன். நிஜமாகவே ஒன்று விழுந்துவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?